பன்னெண்டு நாள் முறை

ஏனுங் தம்பி, சித்தெ அக்கட்டத் தள்ளி உக்காருங்க. ஆ, போதும் போதும். மூணு பேர் உக்கார்ற சீட்டுங்க இது. நீங்க காலை அகட்டி வெச்சா என்னோட மூணுல ஒண்ணு எங்கிருந்து வரும்? கோவிச்சுக்காதீங்க. முப்பத்தி நாலு வருசம் கணக்கு வாத்தியாரா இருந்தவன். வாயைத் தொறந்தா இதுதான் வருது.

நீங்க எங்கீங்க எறங்கறீங்க? கடேசி வரைக்குமா? நான் கோர்ட்டு ஸ்டாப்புங்க. ஒரு மனு குடுக்கோணும். ஆரு மேலயா? கூடப் பொறந்தவன் மேலதான். வேற ஆரு மேல குடுக்கறது? அசலூர்க்காரன் என்னைய என்ன பண்ணுனான்?

இருமலுங்க. வெயில் காலம்னா தொண்டை இப்படித்தான் வறண்டுக்கும். பையில பாட்டில் இருக்குதுதான், பாத்துட்டீங்களா? அது கெடக்கட்டும். அதை நான் குடிக்க மாட்டேன். சொல்றேன், அதையுந்தான் சொல்லப் போறேன்.

எங்க ஊரு புளியங்காட்டுப்புதூருங்க. எங்க பாட்டன் வெட்டுன கெணறு ஒண்ணு, நாலு பேருக்குப் பொது. நல்லாக் கேட்டுக்குங்க, லேசுதான். பெரியப்பன் மக்க ரெண்டு பேரு, சாமியப்பன், கிட்டுசாமி. அவங்களுக்குப் பாதிக் கெணறு. ஆளுக்குக் கால். மீதிப் பாதி எங்கப்பனோடது. அது எங்க மூணு பேருக்கு. நான், தம்பி நாச்சிமுத்து, தங்கச்சி பாவாத்தா. பாதியை மூணாப் போட்டா ஆளுக்கு ஆறுல ஒண்ணு. சரிங்களா?

பாவாத்தாளைக் கட்டிக் குடுத்தது வெளியூர்ல. அவளுக்கு இங்க தண்ணி எதுக்கு? எழுதித் தர வந்தா. ரெண்டு அண்ணனுக்கும் சமமாப் பிரிச்சுத் தர்றேன்னா. நாந்தான் எடுத்துச் சொன்னேன். ஆறுல ஒண்ணை ரெண்டாப் போட்டா பன்னெண்டுல ஒண்ணு. அதை வெச்சுக்கிட்டு ஆரு என்ன பண்றது? துண்டு துண்டாப் போயிரும் பாவா, ஒட்டுக்கா ஒருத்தர் பேருலயே இருக்கட்டும்னேன். ஒருத்தர்னா மூத்தவன்தானுங்களே. நாச்சிமுத்தும் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அண்ணனுக்கே எழுது பாவா"ன்னுட்டான். ஆக, என்னோடது ஆறுல ரெண்டு. சுருக்குனா மூணுல ஒண்ணு. அவனோடது ஆறுல ஒண்ணு. பத்திரம் பேசுதுங்க, வாய்ப்பேச்சு இல்ல.

அப்பறம் நான் வேலைக்குப் போயிட்டேன். ஊர் ஊரா மாத்தலு. தோட்டத்தைத் தம்பிதான் பாத்துக்கிட்டான். என்னோடதையும் சேத்துத்தான். கம்பு போட்டா ஒரு மூட்டை, கடலை போட்டா ஒரு மூட்டை, பஸ்ஸுல போட்டு உட்ருவான். நான் கேட்டதில்ல. அவனா அனுப்புவான். எந்தக் கணக்குல அனுப்புனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ரிட்டையர் ஆயி வந்து பாக்கறேன், கெணத்துல முறைங்கறதே இல்லீங்க! தை மாசம் அறுவது தென்னம்பிள்ளை வெச்சேன். தண்ணி எப்பப்பா நமக்குங்கறேன். சாமியப்பன் சிரிக்கறான். "ஆருது வாடுதோ அவங்க மொதல்ல எடுத்துக்கறதுங்கண்ணா. சாயங்காலம் கெணத்து மேட்டுல நின்னு பேசிக்கறதுதான்"ங்கறான். வாடறதாம், எடுத்துக்கறதாம்! வாடறதை எதுல அளக்கறது? முழத்துலயா, படியிலயா?

நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதுனேன் தம்பி. முப்பது நாளு. மோட்டாரை ஆரு எடுத்தா, எத்தனை மணி நேரம் எடுத்தான்னு எழுதிக்கிட்டே வந்தேன். மாசக் கடேசியில கூட்டிப் பாத்தா, ஆறுல ஒரு பங்குக்காரன் நாச்சிமுத்து பாதித் தண்ணி எடுத்திருக்கறான். பாதி! ஆறுல மூணு! ஒன்றரை ஏக்கரா சின்ன வெங்காயம் போட்டிருந்தான் அவன். எனக்கு வந்தது பத்துல ஒரு பங்கு கூட இல்ல. வயிறெரிஞ்சு போச்சுங்க. பிள்ளைங்க வாடலையேன்னு கேப்பீங்க. வாடலைதான். அதுக்குன்னு?

பங்காளிகளைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். முறை போடோணும்னேன். சாமியப்பன் ஒரு ரோசனை சொன்னான் பாருங்க. அதைக் கேட்டதும் எனக்கு மண்டை காஞ்சு போச்சு. "வாரத்துக்கு ஏழு நாளு. நமக்கு மூணு பேருக்கு ரெவ்வெண்டு நாளு, நாச்சிமுத்துக்கு ஒரு நாளு. ஏழும் தீந்துது. திங்கள், செவ்வாய் இன்னாருதுன்னா ஆரும் மறக்க மாட்டாங்க"ங்கறான். எல்லாரும் தலையாட்டறாங்க. தம்பியும் ஆட்டறான். "வாரம் தவறாம ஒரு நாளு வந்துச்சுன்னா போதும், அவசரத்துக்கு ஒருத்தருக்கொருத்தரு உட்டுக்கலாம்"ங்கறான்.

அட கெரகமே! ஏழுல ரெண்டும் மூணுல ஒண்ணும் ஒண்ணா? சொல்லுங்க. இருபத்தொண்ணாக்கிப் பாருங்க. ஏழுல ரெண்டுன்னா இருபத்தொண்ணுல ஆறு. மூணுல ஒண்ணுன்னா இருபத்தொண்ணுல ஏழு. எனக்கு இருபத்தொண்ணுல ஒரு பங்கு காலி! கால் பங்குக்காரங்க ரெண்டு பேருக்கும் லாபம். பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கறானுங்க.

எனக்காக மட்டும் நான் பேசல தம்பி. இது சாமி சத்தியமுங்க. நாச்சிமுத்து பக்கம் திரும்பி, "உனக்குந்தான்டா நட்டம். உன்னுது ஆறுல ஒண்ணு. அவங்க குடுக்கறது ஏழுல ஒண்ணு. கழிச்சுப் பாரு. நாப்பத்திரெண்டுல ஒரு பங்கு உன்னைய ஏமாத்தறாங்க"ன்னேன். அவனுக்காகத்தான் சண்டை போட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "நாப்பத்திரெண்டுல ஒரு பங்குன்னா எத்தனை பாத்திங்கண்ணா பாயும்?"ங்கறான். மத்தவனுங்க சிரிக்கறானுங்க.

அஞ்சாங் கிளாஸோட நின்னவனுங்க அவன். பின்னம் வர்றதே அந்த வருசந்தான். அவனுக்குப் படிப்பு ஏறலைன்னுதான் நான் எல்லாத்துகிட்டயும் சொல்லுவேன். எங்கப்பன் கெணத்துல மாடு பூட்டிக் கவலை எறைக்கறப்ப வடக்கயிறு இழுத்துக் கையைத் துண்டாக்கிக்கிட்டாரு. மாட்டைப் புடிக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? அவனாத்தான் நின்னுக்கிட்டான். நான் ஒண்ணும் நிறுத்தலையே? நான் அப்ப பெரிய ஸ்கூலு. பரிச்சை நேரம் வேற.

அதை உடுங்க. அன்னைக்கு ராவு பூரா உக்காந்து முறை எழுதுனேன். நாலு பங்குக்கும் கீழ வர்ற பகுதி வேற வேற. நாலு, நாலு, மூணு, ஆறு. வேற வேற பகுதியை வெச்சுக்கிட்டுக் கூட்டுனா கூட்ட முடியாது, கழிச்சா கழிக்க முடியாது, நாயம் பேசுனா நாயமும் பேச முடியாது. எல்லாத்தையும் ஒரே பகுதிக்குக் கொண்டு வரோணும். நாலு, மூணு, ஆறு, இந்த மூணு எண்ணுலயும் மீதியில்லாமப் போற சின்ன எண்ணு எது? பன்னெண்டு! ஏழு இல்லீங்க, பன்னெண்டு. அப்ப பன்னெண்டு நாளைக்கு ஒரு சுத்து. எனக்குப் பன்னெண்டுல நாலு. பெரியப்பன் மக்களுக்குப் பன்னெண்டுல மும்மூணு. நாச்சிமுத்துக்குப் பன்னெண்டுல ரெண்டு. கூட்டுங்க. நாலும் மூணும் ஏழு, இன்னொரு மூணு பத்து, ரெண்டு பன்னெண்டு. பன்னெண்டுல பன்னெண்டு. முழுசு! ஒரு சொட்டு மீதியில்ல, ஒரு சொட்டு குறையில்ல. எத்தனை அழகு பாருங்க.

மோட்டார் ரூம் செவுத்துல சுண்ணாம்படிச்சு, நீலப் பெயிண்டுல கட்டம் போட்டு நானே எழுதுனேன். பெரிய பங்கு மொதல்ல. ஒண்ணுல இருந்து நாலாம் நாள் வரைக்கும் நானு. அஞ்சு ஆறு ஏழு சாமியப்பன். எட்டு ஒம்பது பத்து கிட்டுசாமி. பதினொண்ணும் பன்னெண்டும் நாச்சிமுத்து. பங்குனி ஒண்ணாந்தேதி ஆரம்பம். ஆரும் வாயைத் தொறக்கல. தப்புச் சொல்றதுக்கு அதுல என்ன இருக்குது?

நாச்சிமுத்து மட்டும் செவுத்துக் கட்டத்தை வெரல் வெச்சு எண்ணிப் பாத்தான். அப்பறம் வந்து, "அண்ணா, அந்த ரெண்டு நாளையும் சேத்து வெக்காம, நடுவுல ஒண்ணு, கடேசியில ஒண்ணுன்னு போட முடியுங்களா? வெங்காயத்துக்கு வேரு நாலு வெரக்கடை ஆழந்தான். நாலஞ்சு நாளைக்கு மேல தாங்காது"ன்னான். எழுதுன கட்டத்தை எப்படிங்க அழிக்கறது? ஒருத்தனுக்குப் பிரிச்சா எல்லாரும் கேப்பாங்க. ஆறுல ஒண்ணுன்னாலும் பன்னெண்டுல ரெண்டுன்னாலும் ஒண்ணுதான்டா, சமபின்னம், உனக்கு ஒண்ணும் குறையாதுன்னேன். "குறையாதுங்கண்ணா, ஆனா..."ன்னு இழுத்தான். ஆனாவுக்கெல்லாம் கணக்குல எடமில்லைன்னுட்டேன்.

மறுபடியும் இருமல். இல்லீங்க, வேண்டாம். அந்த பாட்டிலை எடுக்காதீங்க. அங்கயே இருக்கட்டும்.

நாலாம் நாளு. என்னோட நாளு. மும்முனைக் கரண்டு பகல்ல ஆறு மணி நேரந்தானுங்க வரும். அறுவது பிள்ளைக்கும் மூணு மணி நேரத்துலயே வட்டப்பாத்தி ரொம்பிருச்சு. ரொம்பி வண்டித்தடத்துல ஓடுது. ஓடட்டுமே. என் நாளு, என் தண்ணி. மோட்டாரை நிறுத்துனா, வாத்தியாருக்கு இவ்வளவு தேவையில்லை பாருன்னு அவனுங்க பேசுவானுங்க.

நாச்சிமுத்து வந்தான். தடத்துல போற தண்ணியைப் பாத்தான். கையில நாலு வெங்காயத் தாள் புடுங்கிக்கிட்டு வந்திருந்தான். நுனியெல்லாம் மஞ்சள். "ரெண்டு மணி நேரம் உடுங்கண்ணா. என் முறை வர்றப்பத் திருப்பித் தந்துடறேன்"ன்னான்.

நான் மாட்டேன்னு சொல்லல தம்பி. கவனிங்க. ரோசனைதான் பண்ணுனேன். ஆறு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம்னா நாள்ல மூணுல ஒண்ணு. நாளுங்கறது சுத்துல பன்னெண்டுல ஒண்ணு. அப்ப பன்னெண்டுல ஒண்ணுல மூணுல ஒண்ணு, முப்பத்தாறுல ஒரு பங்கு. அதை உனக்குக் குடுத்தா எனக்கு முப்பத்தாறுல பதினொண்ணு, உனக்கு முப்பத்தாறுல ஏழு. முறை பூராத்தையும் முப்பத்தாறுக்கு மாத்தி எழுதோணும்டா, செவுத்துல அத்தனை கட்டத்துக்கு எடமில்லைன்னேன். "கட்டத்துல எழுத வேண்டாங்கண்ணா. சும்மா உடுங்க"ன்னான்.

சும்மா எப்படிங்க உடறது? ஒரு வாட்டி சும்மா உட்டா முறைன்னு எழுதுனது எதுக்கு?

போயிட்டான். தாளைக் கெணத்து மேட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டான். அஞ்சாம் நாளு சாமியப்பங்கிட்டக் கேட்டிருக்கறான். "உங்க அண்ணன் எழுதுன முறை, நான் மீறுனா என்னையப் புடிச்சு ஏமாத்தறவன்னு சொல்லுவாரு, ஏற்கெனவே சொல்லீட்டாரு"ன்னு அவன் கையை விரிச்சுட்டான். இவனுங்க வேணும்னேதான் பண்ணுனானுங்க, என் பேரைக் கெடுக்க. பதினொண்ணாம் நாளு நாச்சிமுத்து தண்ணி கட்டுனான். ரெண்டு நாளும் புருசனும் பொண்டாட்டியும் பாத்தியை உட்டு மேல ஏறல. அப்பறம் மறுபடியும் பத்து நாள் காயல். அந்த வருசம் பங்குனி வெயிலு உங்களுக்கு நாபகம் இருக்குதுங்களா? மண்ணு வெடிச்சுக் கெடந்தது.

வெங்காயம் சுண்டைக்காயாட்டப் போச்சுங்க. புடுங்கறதுக்கு ஆள் கூப்படல. மாட்டை உட்டு மேய உட்டுட்டான். மக கண்ணாலத்தை அந்த வெள்ளாமையை நம்பித்தான் ஆவணிக்கு வெச்சிருந்தான். அது தள்ளிப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு தடவை கேட்டாங்க. அப்பறம் வேற எடத்துல முடிச்சுக்கிட்டாங்க. ஊருக்குள்ள என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியும். ஏனுங் தம்பி, நான் ஒரு சொட்டு எச்சா எடுத்தேனா? பத்திரத்துல இருக்கறதுக்கு மேல ஒரு சொட்டு? கணக்குல எங்க தப்புன்னு ஒருத்தன் காட்டட்டும். கலெக்டரே வந்து போட்டுப் பாக்கட்டும். பன்னெண்டுதான் வரும்!

நீங்க ஏன் வெளிய பாக்கறீங்க? கேக்கறீங்களா? சரி.

அவன் ஒண்ணும் பேசல. அதுதானுங்க எனக்குப் பொறுக்கல. வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் கணக்கை விளக்கியிருப்பேன். மாடு கன்னெல்லாம் ஓட்டிட்டுப் போய் வித்தான். பொதுக் கெணத்துல இருந்து முப்பதடி தள்ளி, அவனோட எடத்துல, போர் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துனான். எழுநூத்தி இருபதடி. தண்ணி பீச்சியடிச்சுதுங்க. ஊரே வந்து பாத்துது. நான் போகல. ரெண்டே மாசம். பொதுக் கெணறு வத்திப் போச்சு. அடியில சேறு, சேத்துல ரெண்டு தவளை. மூணுல ஒரு பங்கு எனக்கு இருக்குது, இன்னைக்கும் இருக்குது. பத்திரம் என்ன பொய்யா சொல்லும்? ஆனா மோட்டாரைப் போட்டா காத்துத்தான் வருது.

பெரியப்பன் மக்க ரெண்டு பேரும் அவங்கிட்டத்தான் தண்ணி வாங்கறானுங்க. முறையில்ல, கட்டமில்ல, ஒண்ணுமில்ல. ஆருது வாடுதோ அவங்க மொதல்ல. பழையபடி சாயங்காலம் நின்னு பேசிக்கறானுங்க, போர்க் கொழாய்கிட்ட. சிரிக்கற சத்தம் எங்க ஊட்டு வரைக்கும் கேக்குது.

எனக்குக் குடுக்கலைன்னு நெனச்சுக்காதீங்க. அங்கதான் அவன் வேலையைக் காட்டிட்டான். என்னோட எல்லை வரைக்கும் பைப் போட்டு, ஒரு வால்வு வெச்சு, ஊட்டுக்கே வந்து சொல்றான். "அண்ணா, பிள்ளைங்க காயுது. வால்வு உங்க பக்கந்தான் இருக்குது. வேணுங்கறப்பத் தொறந்துக்குங்க"ங்கறான். பன்னெண்டு நாளைக்கு எத்தனை நாளுன்னேன். "நாள்க் கணக்கெல்லாம் எதுக்குங்கண்ணா"ங்கறான். சரி, நாள்ல எத்தனை மணி நேரம்னேன். "உங்களுக்குப் போதுங்கற வரைக்கும்"ங்கறான். எதுல எத்தனை பங்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு, நான் வாங்கிக்கறேன்னேன். நூத்துல ஒண்ணுன்னு எழுது, ஆயிரத்துல ஒண்ணுன்னு எழுது, வாங்கிக்கறேன். எழுத மாட்டேங்கறான் தம்பி! "என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலீங்களே, நான் அஞ்சாங் கிளாஸுதானுங்களே"ங்கறான். கிண்டல் பண்றானா, நெசமாச் சொல்றானான்னு எனக்கு வெளங்கவே இல்ல.

பங்கு சொல்லாமக் குடுக்கற தண்ணிக்கு என்னங்க பேரு? பிச்சைதான?

அறுவது பிள்ளையும் ஒவ்வொண்ணா மட்டை தொங்கிப் போச்சு. தெனமும் போய் நின்னு பாப்பேன். வால்வு ஆறடி தள்ளி இருக்குது. தொடல. போன வாரம் பாத்தா, வால்வுக்குப் பக்கத்துல அஞ்சே அஞ்சு மட்டும் பச்சையா நிக்குது. எப்படிடான்னு பாத்தா, எம்பொண்டாட்டி சகுந்தலா நான் தூங்கற நேரமாப் பாத்து மத்தியானத்துல வால்வைத் தொறந்து கொடத்துல புடிச்சுப் புடிச்சு ஊத்தியிருக்கறா. நான் சத்தம் போட்டேன். அவ முப்பது வருசத்துல என்னைய எதுத்துப் பேசுனதில்ல. அன்னைக்குப் பேசுனா. "அறுவதுல அஞ்சுங்க. பன்னெண்டுல ஒண்ணு. அன்னைக்கு உங்க தங்கச்சி உங்க தம்பிக்குக் குடுக்க வந்தாளே, அதே அளவுதான்"னா. எங்க கத்துக்கிட்டாளோ! அதுக்கப்பறம் நான் அவகிட்டப் பேசறதில்ல. ஒரு வாரமாச்சு.

அதான் மனு. பொதுக் கெணத்துக்கு முப்பதடியில போர் போட்டது தப்பு, மூடோணும்னு. வக்கீலு கேட்டாரு, "போரை மூடுனா உங்க கெணத்துல தண்ணி ஊறுமா சார்?"னு. அது ஆருக்குங்க தெரியும்? ஊறுதோ இல்லையோ, அப்ப நாலு பேருக்கும் ஒரே நெலமை. அதுதான வேணும்.

இந்த பாட்டிலா? காலையில பஸ்ஸுக்கு நடந்து வந்துக்கிட்டிருந்தேனுங்க. ரெண்டு மைல். மேட்டுல மூச்சு வாங்கி நின்னேன். பின்னால மொபெட்டு சத்தம். நாச்சிமுத்து. "ஏறுங்கண்ணா"ன்னான். கோர்ட்டுக்குப் போறேன்டான்னேன். "தெரியுங்க, அண்ணி சொன்னாங்க"ன்னான். உம்மேல மனு குடுக்கத்தான்டா போறேன்னேன். "ஏறுங்க, பஸ்ஸு போயிரும்"னான். வேற வழியில்லாம ஏறுனேன். பையை அவந்தான் முன்னால வெச்சுக்கிட்டான். மனு அதுக்குள்ளதான் இருக்குது. ஸ்டாப்புல எறக்கி உட்டு, பையைக் கையில குடுக்கறப்ப, அவன் போர்த் தண்ணி ரொப்புன இந்த பாட்டிலை அதுல செருகுனான். "வெயிலுங்கண்ணா. உங்களுக்குத் தொண்டை காயும்"னான். அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டான். அவனுக்கும் தலை நரைச்சிருச்சுங்க. பின்னால உக்காந்தப்பத்தான் பாத்தேன்.

நீங்க குடிங்க தம்பி. உங்களுக்கும் வேர்த்துக் கொட்டுது. சும்மாக் குடிங்க. பாதி வெக்கோணும், கால் வெக்கோணும்னு எல்லாம் பாக்காதீங்க. எனக்கு வேண்டாங்கறேன்ல.

எப்படி இருக்குதுங்க? நல்லாருக்குதுங்களா? இனிக்குதுங்களா? ஆமா, ஊருக்குள்ளயும் அப்படித்தான் பேசிக்கறாங்க. நான் இன்னும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கல.

கண்டக்டரே, கோர்ட்டு வந்தாச் சொல்லுங்க.